பசியின்மை – ஒரு சொல்லாய்வு

உண்ண மனம் கொள்ளா நிலையை மொழிகள் ஒரே வகையாய் நோக்கவில்லை என்பதை நாம் காண்கிறோம். 'அனரெக்சியா' என்னும் கிரேக்கச் சொல்லில் 'அன்' இன்மையைக் குறிக்கும். 'ஒரெக்சிசு' என்பது விழைவு. அரிசுடாட்டில் அச்சொல்லை உணவுக்கு மட்டுமன்றி, எவ்வகை விழைவுக்கும் ஆண்டார். ஆயுர்வேதம் கூறும் 'அரோசகம்' சுவை பிடியாமையைச் சுட்டும் வடசொல். நம் 'பசியின்மை'யோ வயிற்றின் நிலையையே சொல்கிறது. ஆக, குறை விழைவிலா, சுவையிலா, பசியிலா என்பதில் பெயர்கள் வேறுபட்டன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உண்ணாது மெலிந்த இளம்பெண்களின் நோயை இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1868-இல், செரியாமைப் பொருள்படும் 'அபெப்சியா' என்னும் சொல்லால் குறித்தார். உண்டது செரிப்பதை உணர்ந்து, 1873-இல் 'அனரெக்சியா நெர்வோசா' எனப் பெயரை மாற்றினார். அதே ஆண்டில் பாரிசு மருத்துவர் இலசேக்கும் அந்நோயை விரித்தெழுதினார். ஆயினும் அந்நோயாளர் பலர்க்குப் பசி உண்டு. உடல் பருக்குமோ என்னும் அச்சமே அவர்தம் கையைத் தடுக்கிறது. அதனைப் 'பசியின்மை' என்று நாம் மொழிபெயர்த்தால், பசித்திருப்பவரைப் பசியாதவர் என்று சொல்லிவிடுகிறோம்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் பசியறிந்து உண்ணச் சொன்னார். நோய்க்குப் பெயரிடுவோரும் பசியறிந்தே பெயரிடுதல் வேண்டும்.