டப்பாக்கள் அளந்த மழை

எந்த வயலுக்கும் ஒரு தலைமடை உண்டு, ஒரு கடைமடை உண்டு. சாலில் தண்ணீரைத் திருப்பிவிட்டால் மடைவாயில் நிற்கும் செடி முதலில் நனைகிறது. தண்ணீர் ஊர்ந்து கோடிக்குப் போய்ச் சேரும்வரை அந்த இடத்து மண் குடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசிச் செடிக்கு வேரளவு ஈரம் கிடைப்பதற்குள் முதல் செடியின் வேரைத் தாண்டித் தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிவிடும். மண்வெட்டி பிடித்தவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இந்த வித்தியாசத்தை முழுதாகச் சரிக்கட்ட முடியாது. நிலம் சரிவாகவோ மணற்பாங்காகவோ இருந்தால் இன்னும் மோசம்.

தண்ணீரை மண்மேல் ஓடவிடாமல் குழாய்க்குள் கொண்டுபோய் மேலிருந்து பொழியவிட்டால் தலைமடை, கடைமடை என்ற பேதம் போய்விடுமே என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் சுழல் கருவிகளுக்கு அமெரிக்காவில் அப்போதே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். ஒஹாயோ மாநிலத்து டிராய் ஊரைச் சேர்ந்த சார்ல்ஸ் ஸ்கின்னர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்பங்களின் மேல் நீளக் குழாய்களைக் கிடத்தி வரிசையாகச் சிறு துளைவாய்களைப் பொருத்தினார். குழாயை இப்படியும் அப்படியும் உருட்டினால் இருபுறமும் நனையும். காய்கறிக்கும் நாற்றங்காலுக்கும் அது கட்டுப்படியானது. பெரிய பரப்புக்கு அவ்வளவு குழாய் போட யாராலும் முடியவில்லை.

லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் இருக்கிறது கிளெண்டோரா. 1930-களில் அது ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளின் ஊர். மழை குளிர்காலத்தில்தான், கோடை முழுவதும் பாசனத்தை நம்பித்தான் மரம் நிற்கவேண்டும். அங்கே தோப்பு வைத்திருந்த ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட் 1933-இல் ஒரு புதுத் தெளிப்பானைச் செய்தார். இன்று உலகமெங்கும் வயல்களில் டக் டக் டக் என்று தட்டிக்கொண்டே சுற்றுகிறதே, அதே தெளிப்பான்தான்.

அதன் நுட்பம் நின்று பார்க்கத் தக்கது. துளைவாயிலிருந்து சீறும் தண்ணீர்த் தாரை, தன் வழியில் நிற்கும் கரண்டி வடிவத் தகட்டில் மோதுகிறது. அந்தத் தகடு ஒரு கையின் நுனியில் இருக்கிறது. கை ஒரு சுருள்வில்லோடு பிணைந்திருக்கிறது. தாரை கையை ஒதுக்கித் தள்ளுகிறது. வில் அதைத் திரும்ப இழுக்கிறது. திரும்பி வரும் கை தெளிப்பானின் உடம்பில் ஓங்கித் தட்ட, தலை சில பாகை திரும்புகிறது. மோட்டாரும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. பாயவேண்டிய தண்ணீரே சுற்றும் வேலையையும் பார்த்துக்கொள்கிறது. தட்டித் தட்டி மெதுவாகச் சுற்றுவதால் தாரை நேராக நின்று தொலைவு வரை போகிறது. வேகமாகச் சுற்றினால் அது வளைந்து சிதறிக் கிட்டத்திலேயே விழுந்துவிடும். கை குறுக்கே வரும் கணத்தில் தாரை உடைந்து பக்கத்திலும் கொஞ்சம் தெறிக்கிறது. எட்டவும் பொழிந்து கிட்டவும் பொழிவதற்கு அந்த ஒற்றைக் கையே காரணம்.

1935-இல் காப்புரிமை கிடைத்தது. எங்கிள்ஹார்ட்டின் நண்பர்களான கிளெமென்ட், மேரி எலிசபெத் லஃபெட்ரா தம்பதி அதைத் தங்கள் கொட்டகையில் வைத்தே தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். அதுதான் பிற்காலத்து ரெயின் பேர்ட் நிறுவனம். அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் 1990-இல் இந்தத் தெளிப்பானை வரலாற்றுச் சாதனைகளின் வரிசையில் சேர்த்தது.

கருவி வந்துவிட்டது. தண்ணீரை அது சமமாகப் பிரிக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லத்தான் எவரிடமும் அளவுகோல் இல்லை. சுற்றும் தெளிப்பானைத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் நனைந்து தெரியும். கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரிவதே இல்லை. பயிர் வளர்ந்து ஓரிடத்தில் கரும்பச்சையாகவும் இன்னோரிடத்தில் வெளுத்தும் நிற்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் பருவம் போயிருக்கும்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பாசனப் பொறியாளர் ஜெ. இ. கிறிஸ்டியன்சென் அந்த அளவுகோலைத் தந்தார். தெளிப்பானைச் சுற்றிச் சம இடைவெளியில் டப்பாக்களை வைத்து, குறித்த நேரம் தண்ணீரை ஓடவிட்டு, எந்த டப்பாவில் எவ்வளவு விழுந்தது என்று அளப்பது அவர் வழி. பல வகைத் தெளிப்பான்கள், பல அழுத்தங்கள், பல இடைவெளிகள் என்று மாற்றி மாற்றிப் பார்த்ததை 1942-இல் பல்கலைக்கழகத்தின் 670-ஆம் வெளியீடாக அச்சிட்டார்கள். என்னைக் கேட்டால் தெளிப்புப் பாசனம் உண்மையில் பிறந்த ஆண்டு அதுதான். 1933-இல் பிறந்தது இரும்பும் பித்தளையும். அது நல்லதா கெட்டதா என்று விவசாயி கேட்கக்கூடிய கேள்வி பிறந்தது 1942-இல்.

அவருடைய கணக்கை எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் போடலாம். நான்கு டப்பாக்களில் 12, 10, 8, 10 மில்லிமீட்டர் தண்ணீர் இருப்பதாக வையுங்கள். சராசரி 10. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது? 2, 0, 2, 0. விலகலின் சராசரி 1. அது பத்தில் ஒரு பங்கு. நூற்றிலிருந்து அந்தப் பத்து விழுக்காட்டைக் கழித்தால் 90. இதுதான் சீர்மைக் கெழு. இன்னொரு வயலில் 16, 12, 8, 4 என்று விழுந்திருந்தால்? அங்கேயும் சராசரி 10-தான். பம்பு ஓடிய நேரமும் அதேதான், மின்சாரச் செலவும் அதேதான். சீர்மையோ 60. நான்கு மில்லிமீட்டர் விழுந்த இடத்துச் செடிக்குப் பத்து மில்லிமீட்டர் கொடுக்கவேண்டுமென்றால் பம்பை இரண்டரை மடங்கு நேரம் ஓட்டவேண்டும். அப்போது முதல் டப்பா இருந்த இடத்தில் 40 மில்லிமீட்டர் கொட்டியிருக்கும், போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு வேருக்குக் கீழே போயிருக்கும். வயல் பயிர்களுக்குச் சீர்மை 85-ஐ ஒட்டியாவது இருக்கவேண்டும் என்பது பாசனப் பொறியாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட வரம்பு.

டப்பாக்கள் வேறு சில உண்மைகளையும் வெளியே கொண்டுவந்தன. தனியாக நிற்கும் தெளிப்பான் எதுவும் சமமாகப் பொழிவதில்லை. நல்ல தெளிப்பானில்கூடப் பக்கத்தில் அதிகமும் விளிம்பு நோக்கிப் போகப்போகக் குறைவுமாகத்தான் விழும். அதனால் ஒன்றின் விளிம்பு அடுத்ததன் காலடி வரை எட்டும்படி நெருக்கி வைக்கிறார்கள். இரண்டு குறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துதான் சமன் உண்டாகிறது. அழுத்தம் குறைந்தால் தாரை உடையாமல் பெருந்துளிகளாகப் போய் ஓரத்தில் வளையமாக விழும், நடு காயும். அழுத்தம் மிஞ்சினால் தண்ணீர் பனிப்புகையாகி அருகிலேயே இறங்கும், காற்றில் போகவும் செய்யும். ஒரே கிளைக்குழாயில் முதல் தெளிப்பானுக்கும் கடைசித் தெளிப்பானுக்கும் அழுத்த வேறுபாடு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். வெளியேறும் நீரளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே மாறும் என்பதால், அந்த வரம்புக்குள் நின்றால் நீரளவில் 10 விழுக்காடு வேறுபாடுதான் வரும். தலைமடையும் கடைமடையும் குழாய்க்குள்ளும் இருக்கின்றன. வழிநெடுகத் தண்ணீர் வெளியேறிக்கொண்டே போகும் குழாயில் உராய்வு இழப்பைக் கணக்கிடும் வழியையும் கிறிஸ்டியன்சென்தான் வகுத்தார். இன்றைக்கும் வடிவமைப்பாளர்கள் அவர் பெயரிலுள்ள கெழுவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இலேசான அலுமினியக் குழாய் சந்தைக்கு வந்தது. இரும்புக் குழாயைத் தூக்க முடியாதவர்களும் தெளிப்பானை வாங்கினார்கள். கூடவே ஒரு தொல்லை வந்தது: ஓரிடம் நனைந்ததும் குழாயைக் கழற்றி, சேற்றில் கால் புதையத் தூக்கிக்கொண்டு நடந்து, அடுத்த இடத்தில் பூட்டவேண்டும்.

கொலராடோ மாநிலம் ஸ்ட்ராஸ்பர்க் பக்கத்தில் அப்படிக் குழாயை மாற்றி மாற்றிப் பூட்டும் செயல்விளக்கம் ஒன்றை 1947-இல் பார்த்தவர் ஃபிராங்க் ஸைபாக். ஐம்பதைக் கடந்த விவசாயி. குழாயை மனிதன் ஏன் சுமக்கவேண்டும், அதுவே நடந்துபோகட்டுமே என்று அவருக்குத் தோன்றியது. வயலின் நடுவில் குழாயின் ஒரு முனையை நிலைநிறுத்தி, மீதியைச் சக்கரம் பூட்டிய கோபுரங்களின்மேல் ஏற்றினார். கடிகார முள்ளைப் போல அது வயலைச் சுற்றி வந்தது. சக்கரங்களைத் தள்ளியதும் குழாய்த் தண்ணீரின் அழுத்தம்தான். எந்தக் கோபுரமாவது பின்தங்கினால் குழாயின் வளைவே ஒரு வால்வை அசைத்து அதன் வேகத்தைக் கூட்டும். 1952-இல் காப்புரிமை பெற்றார். 1954-இல் நெப்ராஸ்காவின் வேலி (Valley) என்ற ஊரில் ராபர்ட் டாகர்ட்டி நடத்திய தொழிற்சாலை உற்பத்தி உரிமையை வாங்கியது. தண்ணீர் விசை போய் மின்மோட்டார் வந்தது பிறகு.

வட்டமாகச் சுற்றும் இயந்திரத்தில் சமப் பங்கீடு இன்னும் கடினமான கணக்கு. நடுவில் இருக்கும் தெளிப்பான் சின்ன வட்டத்தை நனைத்தால் போதும். நுனியில் இருப்பது அதே நேரத்துக்குள் மிகப் பெரிய வளையத்தை நனைத்தாகவேண்டும். 400 மீட்டர் குழாயில் உள்பாதி நனைப்பது மொத்தப் பரப்பில் கால் பங்கு. முக்கால் பங்கு வெளிப்பாதியின் பொறுப்பு. ஆகவே நடுவிலிருந்து வெளியே போகப்போகத் துளைவாய் பெரிதாகவேண்டும், அல்லது நெருக்கமாகவேண்டும். இதில் ஒரு துளைவாய் இடம் மாறிப் பூட்டப்பட்டாலும் வயலில் அந்த ஆரத்தில் ஒரு வெளுத்த வட்டம் விழும். சரியாகப் பூட்டினாலும் நுனியில் தண்ணீர் வேகமாகக் கொட்டுவதால் களிமண் அதை உறிஞ்ச முடியாமல் வழிந்தோடவிடும். 160 ஏக்கர் சதுர நிலத்தில் நனைவது 125 ஏக்கருக்குச் சற்று மேல். நான்கு மூலைகள் வறண்டே கிடக்கும்.

இந்த இயந்திரம் கான்சாஸ், நெப்ராஸ்கா, டெக்சஸ் சமவெளிகளை மாற்றியது. ஓகல்லாலா நிலத்தடி நீர்ப்படுகையை இறைத்து மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள். படுகை, முக்கியமாகத் தெற்கே, இறங்கிக்கொண்டே போனது. சீராகத் தெளிக்கும் கருவி நீரைத் தானாகச் சேமித்துத் தந்துவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. மிச்சமான தண்ணீர் புது ஏக்கர்களுக்குப் போய்விட்டது. நெருக்கடி முற்றியபோது, 1980-களின் தொடக்கத்தில், டெக்சஸ் ஆராய்ச்சியாளர்கள் லைலும் போர்டாவ்ஸ்கியும் தெளிப்பான்களைக் குழாயின் உச்சியிலிருந்து இறக்கி, தொங்கும் குழல் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் தரைக்குச் சற்று மேலே தண்ணீரை விடவைத்தார்கள். வழிந்தோடாமலிருக்கச் சால்களில் குறுக்கே சின்னச் சின்ன அணைகளும் போட்டார்கள்.

நம் நாட்டுக்குத் தெளிப்பான் முதலில் காபி, தேயிலைத் தோட்டங்கள் வழியாகத்தான் வந்தது. இன்று நிலக்கடலை, பயறு, காய்கறி வயல்களில் கிளெண்டோராக் கருவியின் பிளாஸ்டிக், பித்தளை வாரிசுகள் தட்டிக்கொண்டிருக்கின்றன. கரும்புக்கு, தாரையை வெகுதூரம் எறியும் பெரிய தெளிப்பானான மழைத்தூவான் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குத் தெளிப்பானையும் உள்ளடக்கிய நுண்ணீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. மானியம் வருகிறது என்பதற்காக எது கிடைத்தாலும் பூட்டிக்கொள்ளவேண்டாம் என்று விவசாயிகளை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மண்ணிலிருந்து தொடங்குங்கள். 12-க்கு 12 மீட்டர் இடைவெளியில் மணிக்கு 1,440 லிட்டர் தரும் தெளிப்பான் ஒரு மணி நேரத்தில் 10 மில்லிமீட்டர் பொழியும். மணற்பாங்கான மண் மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேலும் குடிக்கும், களிமண்ணோ 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. களிமண் வயலுக்கு அந்தத் தெளிப்பான் ஆகாது. அடுத்தது காற்று. காற்றில்லாத இடத்தில் நனையும் விட்டத்தில் 65 விழுக்காடு இடைவெளி விடலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடியில் அந்தக் கணக்கு செல்லாது. காற்று மணிக்கு 13 கிலோமீட்டரை எட்டினால் 50 விழுக்காட்டுக்கு நெருக்கவேண்டும், அல்லது இரவிலும் விடியலிலும் மட்டும் ஓட்டவேண்டும். மழைத்தூவானின் தாரை உயரமாகப் போவதால் காற்று அதை இன்னும் எளிதாகக் கலைக்கும்.

விற்பவரிடம் அந்தத் துளைவாய் எந்த அழுத்தத்தில் எவ்வளவு தண்ணீர் தரும், எவ்வளவு தூரம் எறியும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். பூட்டி முடித்ததும், வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போடும் முன், நான்கு தெளிப்பான்களுக்கு நடுவிலுள்ள சதுரத்தில் ஒரே அளவுள்ள டப்பாக்களை வரிசையாக வைத்து ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 85-க்கு வெகுவாகக் குறைந்தால் இடைவெளியையோ துளைவாயையோ மாற்றித் தரச் சொல்லுங்கள்.