எழுகிளை விளக்கின் பெயர்

கொட்டியாற்றுக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூர், இராபர்ட் நொக்சு சிறைப்பட்ட நிகழ்ச்சியாற் புகழ்பெற்றது. 1660 ஆம் ஆண்டில் அக்குடாவிற் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட அவ்வாங்கிலேயர், 1679 ஆம் ஆண்டில் தப்பிச்செல்லும்வரை மலைநாட்டிற் காவலில் இருந்தார். அக்காலத்தில் முதியவர் ஒருவரிடம் இருந்த ஆங்கில விவிலியத்தைத் தாம் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்துப் பெற்றார்.

எபிரேயரின் எழுகிளை விளக்கினை 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் 'கேண்டில்சுடிக்' என்று கூறும். அதன் பொருள் மெழுகுதிரித் தண்டு என்பதாம். ஆயின், அவ்விளக்கில் எரிந்தது ஒலிவ எண்ணெயேயன்றி மெழுகன்று. மெழுகுதிரியே பெருவழக்காயிருந்த நாட்டார் தம் இல்லத்துப் பொருளையே வேற்று நாட்டு ஆலயத்திலும் கண்டனர் போலும்.

தமிழ் மொழிபெயர்ப்போ அதனைக் 'குத்துவிளக்கு' என்றது. குத்துக்கல், செங்குத்து என்பவற்றிற் போல, ஈண்டுக் 'குத்து' என்பது நேர்நிற்றலைக் குறிக்கும். விளக்கு என்பது விளங்கு என்னும் வினையடியாகப் பிறந்தது. ஆண்டாள் அருளிய திருப்பாவையிலே இத்தொடர் பயில்வதால் இதன் பழைமை விளங்கும். நின்று ஒளிர்வது என்பதன்றி, மெழுகென்றோ கிளையென்றோ இச்சொல் யாதும் வரையறுக்கவில்லை. ஆதலின் எழுகிளை விளக்கிற்கும் அது பொய்படாது பொருந்துவதாயிற்று. தமிழரும் தம் இல்லத்துப் பொருளையே கண்டனர். ஆயின் அது எண்ணெய் விளக்காதலாற் பிழை நேர்ந்திலது.

இனி, மூலச்சொல்லை நோக்குவோம். எபிரேய 'மெனோரா' ஒளியைக் குறிக்கும் செமித்திய வேரினின்றும் பிறந்தது. அரபு மொழியின் 'நூர்' என்பதும், ஒளியிடம் எனப் பொருள்படும் 'மனாரா' என்பதும் அவ்வேரினவே. பள்ளிவாசலின் கோபுரத்தைத் தமிழ் முசுலிம்கள் 'மினாரா' என்பது இதன் திரிபாம். கிளைவிளக்கைக் குறிக்கும் இலத்தீன் 'கண்டெலாபிரம்' என்பதோ, ஒளிர்தற் பொருளதாகிய வேறொரு வேரினின்று தோன்றியது. வடமொழிச் 'சந்திர' என்னும் சொல்லும் அதற்கு உறவுடையதென்பர் மொழிநூலார்.

சொல்லின் ஒலியொற்றுமை ஒன்றையே கொண்டு இது நமது, அது பிறரது என்று வழக்காடுதல் எளிது. பொருளாராய்ச்சியோ அவ்வழக்கைத் தளர்த்துகின்றது. மூதூரிற் கோயிலின் குத்துவிளக்கும் பள்ளிவாசலின் மினாராவும் ஒரே ஊரின் மக்களுக்கு உரியன. ஒன்று தமிழ்ச்சொல், மற்றொன்று அரபுச்சொல்லின் வழிவந்தது. வேர் வேறாயினும், நிமிர்ந்து நின்று ஒளிதருவதென்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவாதல் காண்க.