கேட்காமல் எழுதும் உரிமை

"சேர், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பும் பிரதியாகிறதே, சிபியு எப்படி இரண்டையும் பார்க்கிறது?" சாதாரண தர ஐசிடி வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி. இதற்குப் பின்னால் அறுபது வருடத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. பெற்றோரும் பழைய மாணவர்களும் அறிந்துகொள்ளட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

புறக்கோட்டையில் மொத்தக் கடை ஒன்றை நினைத்துக்கொள்வோம். லொறி வந்ததும் முதலாளியே ஒவ்வொரு மூட்டையாக இறக்கினால் வியாபாரத்தை யார் பார்ப்பது? 1950களின் கணினிகள் அப்படித்தான் இருந்தன. ஐபிஎம் 704இல் உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லையும் சிபியுவே தூக்கி நினைவகத்தில் வைத்தது. 1958இல் வந்த ஐபிஎம் 709இல் அந்த வேலைக்குத் தனி 'சனல்' வைத்தார்கள். முதலாளி நாட்டாமை பிடித்த மாதிரி. இடத்தைக் காட்டிவிட்டால் போதும். சாமானை வைத்து முடித்ததும் நாட்டாமை வந்து சொல்வார். இந்த முறைக்குத்தான் நேரடி நினைவக அணுகல், அதாவது டிஎம்ஏ என்று பெயர்.

வேகம் கிடைத்தது. ஆனால் சிக்கல்களும் சேர்ந்தே வந்தன.

முதலாவது, இடம். எளிய டிஎம்ஏ சாதனங்களுக்கு ஒரே தொடராக இடம் வேண்டும். நினைவகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெற்றிடம் இருந்தால் மொத்தம் போதுமாக இருந்தும் பயனில்லை. 1965இல் கென்னத் நோல்டன் ஒரு வழியை வெளியிட்டார். பெரிய துண்டைத் தேவைக்கு ஏற்றவாறு பாதி பாதியாகப் பிரிப்பது. திரும்பி வந்ததும் அதன் இணைத் துண்டும் காலியாக இருந்தால் இரண்டையும் ஒட்டிவிடுவது. லினக்ஸ் கேர்னல் இன்றும் நினைவகப் பக்கங்களை இந்த முறையிலேயே பங்கிடுகிறது.

இரண்டாவது, எல்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த இன்டெல் 8237 சிப்புக்கு 16 பிட் முகவரிதான் தெரியும். அதாவது ஒரு தடவைக்கு 64 கிலோபைட். எல்லையைத் தாண்டினால் அடுத்த பகுதிக்குப் போகாது. அதே பகுதியின் ஆரம்பத்துக்குத் திரும்பி அங்கிருப்பதன் மேல் எழுதிவிடும். 1984இன் பிசி ஏடியில் 24 பிட் முகவரி வந்தது. எட்டக்கூடிய தூரம் 16 மெகாபைட் ஆனது. அந்தப் பழைய சாதனங்களுக்காக லினக்ஸ் முதல் 16 மெகாபைட்டைத் தனி வலயமாகப் பிரித்து வைத்தது. 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினிகளிலும் அந்த வலயத்தைக் காணலாம். 1984இல் போட்ட கோட்டுக்குள் நாம் இன்றும் நடக்கிறோம்.

மூன்றாவதுதான் பாரதூரமானது: நம்பிக்கை. நாட்டாமைக்குக் களஞ்சியத்தின் எல்லா அறைக்கும் சாவி கொடுத்தாயிற்று. அவர் வேறு அறைக்குள் போனால்? கணினியில் அந்த அறைகளில் இருப்பவை நம் கடவுச்சொற்கள், கடிதங்கள், படங்கள். டிஎம்ஏ சாதனம் சிபியுவிடம் கேட்காமலே அவற்றை வாசிக்கலாம், மாற்றலாம். இதைத் தடுக்க ஐஓஎம்எம்யு என்ற காவலாளி வந்தது. ஒதுக்கிய இடத்துக்கு மட்டுமே அது சாதனத்தை விடும். ஆனால் 2019இல் கேம்பிரிட்ஜ், ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'தண்டர்கிளாப்' என்ற ஆய்வில் ஒன்றைக் காட்டினார்கள். காவலாளி இருந்தும் விண்டோஸ், மாக், லினக்ஸ் உட்படப் பணிசெயல் முறைமைகள் அதைச் சரிவரப் பயன்படுத்தவில்லை. தண்டர்போல்ட் துளையில் செருகும் ஒரு தீய சாதனம் உள்ளே புகக்கூடியதாக இருந்தது. அதன்பின் பாதுகாப்பு இறுக்கப்பட்டது.

1958இல் சனலை அமைத்தவர்கள் பூட்டிய அறைக்குள் இருந்த இயந்திரத்தையே மனதில் வைத்திருந்தார்கள். அதை யாரும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகவில்லை. காலம் மாறியது, கொடுத்த சாவியைத் திரும்ப எண்ணிப்பார்க்கத்தான் நாள் சென்றது.

பிள்ளைகளே, வேகத்துக்காக ஒருவருக்கு உரிமை கொடுத்தால் அதன் எல்லையையும் அன்றே எழுதி வையுங்கள். அதுவும் ஓர் அமானிதம்தான். அறியாத சாதனத்தை உங்கள் மடிக்கணினியில் செருகுமுன் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.