கவறும் கணனியும்

ஆட்டத்திற் கிட்டும் வெற்றி ஆற்றலால் வந்ததோ, கவற்றால் வந்ததோ என்னும் வினா மிகப் பழையது. பக்கமன் என்னும் பலகை ஆட்டத்தைப் பொறுத்தவரை இவ்வினா கணனியின் வரலாற்றோடு பிணைந்து நிற்கின்றது. 24 வீடுகளைக் கொண்ட பலகையில், இரு கவறுகள் காட்டும் எண்களுக்கேற்பத் தத்தம் 15 காய்களை நகர்த்தி, எதிரிக்கு முன்னர் அவற்றை வெளியேற்ற முயல்வதே இவ்வாட்டமாகும்.

1979 ஆம் ஆண்டு யூலை மாதம் 15 ஆந் திகதி, மொன்ரே கார்லோ நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹான்ஸ் பேர்லினர் ஆக்கிய செய்நிரல், உலக வாகையரான லூயிஜி வில்லாவை 7–1 என்னும் கணக்கில் வென்று 5,000 டொலர் பரிசைப் பெற்றது. உலகம் வியந்தது. ஆயின், கவறுகள் தம் செய்நிரலுக்குச் சாதகமாக விழுந்தன என்பதைப் பேர்லினர் மறைத்தாரல்லர். ஆட்டத்தைப் பின்னர் ஆராய்ந்து, காய் நகர்த்தும் நுட்பத்தில் வில்லாவே மேம்பட்டவர் என்பதையும் அவர் எடுத்துரைத்தார்.

இந்நேர்மையான கூற்று ஒரு பெரிய இடர்ப்பாட்டை வெளிப்படுத்திற்று. சில ஆட்டங்களின் முடிவைக்கொண்டு ஆற்றலை அளத்தல் இயலாது. வேறுபாடு சிறிதாயின் அதனைத் துணிவதற்கு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். அத்துணை ஆட்டங்களை ஆடுதற்கு மனிதர்க்கு ஓய்வும் இல்லை, பொறுமையும் இல்லை.

ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜெரால்ட் தெசாரோ 1990 களின் தொடக்கத்தில் உருவாக்கிய டிடி-கமன் என்னும் செய்நிரல் இதனை நன்கு விளக்கும். அதன் ஒரு பதிப்பு தன்னோடு தானே ஏறத்தாழ 15 இலட்சம் ஆட்டங்கள் ஆடிக் கற்றது. ஆயினும், புகழ்பெற்ற ஆட்டக்காரரான பில் றொபேட்டியுடன் அது ஆடியவை 40 ஆட்டங்களே. அவற்றில் அது ஒரே ஒரு புள்ளியாற் பின்தங்கியது. கற்றற்கு இலட்சங்கள் கிடைத்தன. சோதித்தற்கோ நாற்பதே கிடைத்தன.

இவ்விடைவெளியை நிரப்பும் வழி, செய்நிரல்களையே ஒன்றோடொன்று மோதவிடுவதாகும். ஆனால் வெவ்வேறு ஆசிரியர்கள் ஆக்கிய செய்நிரல்கள் பலகையின் நிலையை வெவ்வேறு வகையிற் குறித்துக்கொள்வன. அவற்றுக்கு ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது. 1992 இல் தொடங்கப்பட்ட பிப்ஸ் என்னும் இணைய ஆட்டக்களம் பலகையின் நிலை முழுவதையும் ஒரே வரியிற் குறிக்கும் முறையைக் கையாண்டது. அங்கு மனிதரோடு செய்நிரல்களும் ஆடின. பின்னர் எழுந்த குனு பக்கமன் என்னும் செய்நிரல், அவ்வரிவடிவையே பெற்று, தன் நகர்வை விடையாக அனுப்பும் வாயிலொன்றை அமைத்துக்கொண்டது.

இவ்வாறு இணைத்தபின், நடுவராக நிற்கும் மூன்றாவது செய்நிரலொன்று கவறுருட்டி, நகர்வு விதிக்கமைந்ததா எனச் சரிபார்த்து, புள்ளிகளை இரவு பகலாக எண்ணி வரலாம். கவறுருட்டும் பொறுப்பு இருதரத்தார்க்கும் பொதுவான இடத்தில் இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் முடிவை எவரும் நம்பார்.

1979 இல் ஒரு வெற்றி கிடைத்தது. அதன் பொருளை அறியும் கருவியோ பின்னரே கைகூடிற்று. தனக்குக் கிடைத்த வெற்றியையே ஐயுற்று ஆராய்ந்த பேர்லினரின் மனப்பாங்கே அக்கருவிக்கு வித்தாக அமைந்த அறிவியல் நெறி எனலாம்.