ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம்: லினக்ஸுக்குள் விண்டோஸ் ஓடிய கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு கல்லூரி மாணவர் அனுப்பிய ரெண்டு வரி மெயில். "லேப்டாப்ல உபுண்டு போட்டுட்டேன். ப்ராஜெக்டுக்கு ஒரே ஒரு மென்பொருள் விண்டோஸ்லதான் ஓடும். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கேவிஎம் மூணுமே ஃப்ரீன்னு சொல்றாங்க. எதைப் போடலாம்?"

பதிலையும் ரெண்டு வரியில் அனுப்பியிருக்கலாம். ஆனா அந்த "ஃப்ரீ"ங்கிற வார்த்தை என்னை நிறுத்திடுச்சு. ஆங்கிலத்தில் காசு கொடுக்க வேண்டாம்னாலும் ஃப்ரீ, கட்டு இல்லைன்னாலும் ஃப்ரீ. நல்லவேளை, தமிழில் நமக்கு ரெண்டு சொல் இருக்கு: இலவசம், கட்டற்றது. இந்த மூணு மென்பொருளின் வரலாறே இந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவில் நடந்த இழுபறிதான்.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் காட்டும் யோசனை பலர் நினைப்பதைவிடப் பழசு. 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையம், இங்கிலாந்து கேம்பிரிட்ஜ் இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ், அங்கே சிபி-40 என்ற அமைப்பைக் கட்டினார்கள். ஒரு பெரிய மெயின்ஃப்ரேமைப் பல பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஆனால் ஒவ்வொருவருக்கும் முழு இயந்திரமும் தனக்கே என்று தோன்ற வேண்டும். அது வளர்ந்து 1972இல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கே வந்துவிட்டது. அப்போ நம்ம மேஜைக் கணினி பிறக்கவே இல்லை.

1974இல் ஜெரால்ட் பாப்பெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற ரெண்டு பேர், ஒரு சிப்பில் இதைச் சரியாகச் செய்ய என்ன வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். கணிதமாக இருக்கும், பயப்பட வேண்டாம். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டை போர்ஷன் போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடித்தனமும் முழு வீடும் தன்னுடையது என்று நம்ப வேண்டும். மோட்டார் ஸ்விட்ச், மெயின் ஸ்விட்ச் மாதிரி எல்லாரையும் பாதிக்கும் எதையாவது ஒரு குடித்தனக்காரர் தொட்டால், உடனே ஹவுஸ் ஓனர் வீட்டில் மணி அடிக்க வேண்டும். ஓனர் வந்து, அந்த ஒரு போர்ஷனுக்கு மட்டும் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார். குடித்தனக்காரர் வீடு முழுக்க அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். மணி அடிக்காத ஸ்விட்ச் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நிபந்தனை அவ்வளவுதான்.

இன்டெல் எக்ஸ்86 சிப்பில் அந்த நிபந்தனை உடைந்திருந்தது. 2000ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வு, பென்டியத்தில் மணி அடிக்காத கட்டளைகள் 17 இருப்பதாக எண்ணிச் சொன்னது. பாப்எஃப் என்று ஒரு கட்டளை. குறுக்கீடுகளை நிறுத்து என்று அதை வைத்துச் சொல்லலாம். சாதாரண நிரல் அதைச் சொன்னால் சிப் மறுக்காது, பிழை காட்டாது, அந்தப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஓனருக்கும் தெரியாது, குடித்தனக்காரருக்கும் தெரியாது. உள்ளே ஓடும் இயங்குதளம் "நிறுத்திட்டேன்"னு நம்பி வேலையைத் தொடர்ந்து, எங்கேயோ போய்க் கவிழும். அதனாலதான் பிசியில் இதெல்லாம் நடக்காது என்று ரொம்ப நாள் நம்பினார்கள்.

நடக்கும்னு காட்டியது விஎம்வேர். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மெண்டல் ரோசன்ப்ளம், அவர் மனைவி டயான் கிரீன், கூடவே மூன்று பேர் 1998இல் தொடங்கினார்கள். 1999இல் வொர்க்ஸ்டேஷன் வந்தது. அவர்கள் செய்த தந்திரம்: உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கெர்னல் கட்டளைகளை ஓடும்போதே வாசித்து, சிக்கலான கட்டளை வந்தால் அதை எடுத்துவிட்டு வேறு கட்டளைகளைப் பொருத்துவது. மணி இல்லாத ஸ்விட்சைக் குடித்தனக்காரர் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் கழற்றிவிட்டு, மணி உள்ள ஸ்விட்சை மாட்டுவது மாதிரி. லினக்ஸ் மேஜையில் விண்டோஸ் ஒரு ஜன்னலுக்குள் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அது மேஜிக்காகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டிய, மூல நிரல் மூடப்பட்ட பொருள். லினக்ஸ் உலகத்துக்கு அது உறுத்தியது. கெவின் லாட்டன் என்பவர் அதற்கு முன்பே பாக்ஸ் என்ற எமுலேட்டரை எழுதியிருந்தார். ஒரு பிசியின் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளாகவே நடித்துக்காட்டும். சரியாக நடிக்கும், ஆனா ஆமை வேகம். 2000இல் மாண்ட்ரேக்சாஃப்ட் என்ற பிரெஞ்சு லினக்ஸ் நிறுவனம் அதை வாங்கிக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. விஎம்வேருக்கே நேர் போட்டியாகவும் லாட்டன் ஒரு திட்டம் ஆரம்பித்தார். முதலில் வைத்த பெயர் ஃப்ரீஎம்வேர். குறும்பு புரியுதா? பிறகு பிளெக்ஸ்86 என்று மாறியது. அது பெரிதாக எங்கும் போய்ச் சேரவில்லை.

அடுத்து வருபவரைப் பற்றித் தனி எபிசோடே போடலாம். ஃபப்ரீஸ் பெல்லார்ட், பிரான்ஸ்காரர். நீங்க வீடியோ பார்க்கும் பாதி இடங்களுக்குப் பின்னால் இருக்கும் எஃப்எஃப்எம்பெக் அவர் தொடங்கியது. 2003இல் கியூஎமு என்ற எமுலேட்டரை வெளியிட்டார். கட்டளைகளை ஒவ்வொன்றாக நடிக்காமல், ஒரு கொத்தாக மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பை எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்துவது அதன் வழி. பாக்ஸைவிடப் பல மடங்கு வேகம். ஒரு வகைச் சிப்பில் வேறு வகைச் சிப்புக்கான நிரலையும் ஓட்டும். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்கள் லேப்டாப்பில் திறக்கும் போன் எமுலேட்டர் இருக்கே, அதன் அடியில் இருப்பதும் கியூஎமுதான்.

இங்கேதான் கதையில் ஒரு சுவாரசியமான முடிச்சு. கியூஎமு கட்டற்றது. ஆனா விஎம்வேர் வேகம் வேணும்னா கேகியூஎமு என்ற துணைப் பகுதியைக் கெர்னலில் ஏற்ற வேண்டும். பெல்லார்ட் அதை இலவசமாகக் கொடுத்தார், மூல நிரலைக் கொடுக்கவில்லை. கெர்னலுக்குள், அதாவது கணினியின் கருவறைக்குள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாத ஒன்றை ஏற்றணுமா? 2007இல் அவரே அதைத் திறந்துவிட்டார். அதற்குள் அதன் தேவையே போய்க்கொண்டிருந்தது.

ஏன்? சிப் செய்கிறவர்களே வழிக்கு வந்துவிட்டார்கள். 2005 இறுதியில் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும், இதற்கென்றே தனி வசதியைச் சிப்பில் வைத்தார்கள். அந்த மணி அடிக்காத ஸ்விட்சுகளுக்குக் கடைசியில் மணி கட்டியாச்சு. அதற்கு முன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸென் என்ற திட்டம் வேறு வழியில் போயிருந்தது. உள்ளே ஓடும் இயங்குதளத்தையே கொஞ்சம் திருத்தி, "நீ குடித்தனக்காரன்தான், ஓனரைக் கேட்டுச் செய்" என்று சொல்லிவிடுவது. அமேசான் தன் மேகக் கணினிச் சேவையை 2006இல் தொடங்கியதும் ஸென்னை வைத்துத்தான். லினக்ஸைத் திருத்தலாம், மூல நிரல் கையில் இருக்கு. விண்டோஸை யார் திருத்துவது? வீட்டு லேப்டாப்பில் அது அவ்வளவாக எடுபடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

2006 அக்டோபரில் ஆவி கிவிட்டி என்ற நிரலாளர் லினக்ஸ் கெர்னல் குழுவுக்குக் கேவிஎம்மை அறிமுகப்படுத்தினார். அவர் வேலை பார்த்தது கும்ரானெட் என்ற சின்ன இஸ்ரேலிய நிறுவனத்தில். யோசனை எளிமையானது. ஸென் மாதிரி லினக்ஸுக்குக் கீழே இன்னொரு மேலாளரை ஏன் வைக்கணும்? நினைவகத்தைப் பங்கிடுவது, முறை வைத்து ஓட்டுவது எல்லாம் லினக்ஸுக்கே தெரியுமே. சிப்பின் புது வசதியை லினக்ஸ் கையில் கொடுத்துவிட்டால், உள்ளே ஓடும் விண்டோஸ் லினக்ஸ் பார்வையில் இன்னொரு சாதாரண நிரல், அவ்வளவுதான். டிஸ்க், திரை, நெட்வொர்க் கார்டு மாதிரி நடிக்க கியூஎமு ஏற்கெனவே இருக்கு, அதை எடுத்துக்கொண்டார்கள். 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20இல் கேவிஎம் உள்ளேயே இருந்தது. நாலு மாசத்துக்குள்! 2008இல் ரெட் ஹேட் அந்த நிறுவனத்தை 10.7 கோடி டாலருக்கு வாங்கியது.

அதே 2007 ஜனவரியில் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸின் பெரும்பகுதியைக் கட்டற்றதாகத் திறந்தது. அழகான ஜன்னல், நாலு பொத்தான், அப்போ சிப்பில் புது வசதி இல்லாத பழைய கணினியிலும் ஓடியது. கல்லூரி லேப் முழுக்க அது பரவியதில் ஆச்சரியமே இல்லை. 2008இல் சன் வாங்கியது, 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது.

ஆனா திறந்த பகுதியில் யுஎஸ்பி வசதி இல்லை. பென் டிரைவ் வேணும்னா மூடிய பதிப்பு. 2010 கடைசியில் மூடிய பகுதிகளைப் பிரித்து எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக வைத்தார்கள். அதைச் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் காசில்லாமல் போடலாம். ஆபீஸ் வேலைக்குப் போட்டால் உரிமம் வாங்கணும். ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கிறவங்க இதைக் கவனிங்க. டவுன்லோடு பொத்தான் யாரையும் ஒன்றும் கேட்காது, ஒப்பந்தம் கேட்கும். 2022இல் வந்த 7.0 பதிப்பில் யுஎஸ்பி 2, 3 ரெண்டும் திறந்த பகுதிக்கே வந்துவிட்டன, அதனால் இப்போ நிறைய பேருக்கு அந்தப் பேக்கே தேவைப்படாது. இன்னொரு வேடிக்கை: விர்ச்சுவல்பாக்ஸ் கட்டற்றதுதான், ஆனா அதன் பயாஸைக் கட்ட ஓப்பன் வாட்காம் என்ற கம்பைலர் தேவைப்பட்டது, அந்தக் கம்பைலரின் உரிமம் டெபியன்காரர்களின் விதிக்கு ஒத்துவரவில்லை. அதனால் விர்ச்சுவல்பாக்ஸைப் பிரதான கிடங்கிலிருந்து வெளியே தள்ளி வைத்தார்கள். அவங்க பிடிவாதத்தை நான் ரசிக்கிறேன்.

விஎம்வேர் கதைக்குத் திரும்புவோம். அது கை மாறிக்கொண்டே இருந்தது: முதலில் இஎம்சி, பிறகு டெல், 2023இல் பிராட்காம். 2024 பிப்ரவரியில் சர்வர்களுக்கான அதன் இலவசப் பதிப்பை நிறுத்தினார்கள். அதே ஆண்டு மே மாதம் வொர்க்ஸ்டேஷன் புரோவைச் சொந்த உபயோகத்துக்கு இலவசமாக்கினார்கள், நவம்பரில் எல்லாருக்குமே. ஒரே ஆண்டில் ஒரு கதவு மூடி இன்னொரு கதவு திறந்தது. ரெண்டும் ஓனர் முடிவு.

இதில் எனக்கு என்ன அக்கறைன்னு கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு டிடிபி கடை இருக்கு. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான். இருபது வருஷக் கோப்புகள் பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கின்றன. 2001க்குப் பிறகு பேஜ்மேக்கருக்குப் புதுப் பதிப்பே வரவில்லை. வேறு மென்பொருளில் திறந்தால் "ஸ்ரீ" எல்லாம் கொம்பும் புள்ளியுமாகச் சிதறும். வைரஸ் தொல்லை தாங்காமல் அண்ணன் லினக்ஸுக்கு மாறினார், நான்தான் விண்டோஸ் எக்ஸ்பியை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டுக் கொடுத்தேன். எந்த மென்பொருளில்னு பெயர் வேண்டாம். கெர்னலோடு வராத, தனியாக ஏற்ற வேண்டிய பகுதி உள்ளது.

முகூர்த்த மாசம். ஒரு வெள்ளிக்கிழமை லினக்ஸ் அப்டேட் வந்தது, கெர்னல் மாறியது, அந்தத் தனிப் பகுதி புதுக் கெர்னலுக்கு ஒத்துவரவில்லை. எக்ஸ்பி எழவே இல்லை. மறுநாள் காலை மூன்று பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போகணும். "தம்பி, நீ சொன்னேன்னுதான் மாத்தினேன்"ன்னு அவர் சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கு. அன்னைக்கு ராத்திரி பழைய கெர்னலில் பூட் பண்ணிச் சமாளித்தோம்.

ஆக, மெயில் அனுப்பிய தம்பிக்குப் பதில். லினக்ஸ்லதான் இருக்கப் போறேன்னா கேவிஎம்மைப் போடுங்க. கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் அப்டேட் ஆனா கூடவே அப்டேட் ஆகும். செக்யூர் பூட் இருந்தாலும் தனியாகக் கையெழுத்துப் போட்டு எதையும் ஏற்ற வேண்டியதில்லை. வர்ட்-மேனேஜர் என்ற ஜன்னல் மென்பொருளை நிறுவினால் கட்டளை எதுவும் தட்ட வேண்டாம். அதுவும் மலைப்பாக இருந்தால் நோம் பாக்ஸஸ் இன்னும் எளிது. முதலில் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதி ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. சிப் விவரத்தில் இன்டெலுக்கு விஎம்எக்ஸ், ஏஎம்டிக்கு எஸ்விஎம் என்ற மூன்று எழுத்து இருக்கணும். விண்டோஸை நிறுவும்போது விர்ட்ஐஓ டிரைவர் டிஸ்கையும் சேர்த்து மாட்டுங்க, இல்லேன்னா டிஸ்கும் நெட்வொர்க்கும் மந்தமாக ஓடும். 8 ஜிபி ரேம் இருந்தால் விண்டோஸுக்குப் பாதி கொடுங்க, பிரௌசரில் நாற்பது டேப் திறந்து வைக்காதீங்க.

கேவிஎம்மில் வலிக்கும் இடமும் இருக்கு. விண்டோஸுக்குள் முப்பரிமாண கிராபிக்ஸ் வேணும்னா அது இன்னும் தகராறுதான். உங்க மென்பொருள் கேட் மாதிரி ஏதாவது என்றால் விஎம்வேர் நல்லா ஓடும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. நண்பர்கள் எல்லாரும் விண்டோஸில் இருந்துகொண்டு ஒரே மெஷின் கோப்பைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் வசதி. எதைப் போட்டாலும் விண்டோஸுக்கான உரிமம் தனிக்கணக்கு, அதை இந்த மூன்றும் தராது.

டிடிபி அண்ணன் கடையில் அந்த மாசம் முடிந்ததும் டிஸ்க் கோப்பை கியூஎமு கருவியாலேயே மாற்றி, கேவிஎம்முக்குக் கொண்டுபோனேன். முதல் தடவை நீலத் திரை. எக்ஸ்பிக்கு விர்ட்ஐஓ தெரியாது. பழைய ஐடிஇ டிஸ்க் என்று மாற்றிச் சொன்னதும் எழுந்துவிட்டது. நெட்வொர்க்கை மட்டும் கழற்றிவிட்டேன், அந்த எக்ஸ்பி வெளியே தலை காட்டவே கூடாது. அண்ணன் முதலில் திறந்து பார்த்தது 2004இல் அடித்த தன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை. "ஸ்ரீ" சரியாகத்தான் இருந்தது.