கொம்பனித்தெருவும் புகையிரத நிலையமும்

ஓர் ஊரின் வரலாற்றை அதன் பெயரே சில வேளைகளிற் சொல்லிவிடும். கொழும்பிலே பேரை வாவியை ஒட்டிக் கிடக்கும் கொம்பனித்தெரு அத்தகையதோர் ஊர். தமிழிலும் சிங்களத்திலும் வழங்கும் பெயரில் வணிகக் கொம்பனியின் நினைவு தங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பெயரோ ‘அடிமைத் தீவு’. ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம் அது. பின்னர் ஆங்கிலேயரின் படையிற் சேவித்த மலாய்ச் சிப்பாய்களின் குடும்பங்கள் அங்கே நிலைபெற்றன. மலே வீதி, ஜாவா ஒழுங்கை, றைபிள் வீதி என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அவர்களோடு அயலவராய் வாழ்ந்தனர்.

இந்நாட்டின் முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. கோட்டையிலிருந்து தெற்கே சென்ற கரையோரப் பாதை 1894இற் காலியை எட்டியது. அப்பாதையிலே, கோட்டைக்கு அணித்தாக, கொம்பனித்தெருவுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. துறைமுகத்துக்கும் கந்தோர்களுக்கும் நடந்து செல்லக்கூடிய தூரம்; தெற்கேயிருந்து வரும் தொழிலாளி இறங்கும் இடம். இத்தகைய இடத்தில் மக்கள் நெருங்கி வாழ்வது இயல்பே. தெருவோரத்திற் கீழே கடை, மேலே வீடு. பின்புறத்து முடுக்குகளில் வரிசை வீடுகள். அவற்றிடையே தையற்காரன், அப்பம் சுடும் பெண், திருத்துவேலை செய்பவன். நகர அமைப்பு நிபுணர்கள் இன்று ‘கலப்புப் பயன்பாடு’ என்று பெரும் புதுமைபோற் கூறுவதை, அம்மக்கள் எவருடைய வரைபடமுமின்றித் தலைமுறைகளாக வாழ்ந்து காட்டினர்.

அவ்வாழ்வை நாம் அழகுபடுத்திக் கூறவேண்டியதில்லை. பொதுக் குழாயும் பொது மலகூடமும் காற்றோட்டமற்ற அறைகளும் எவருக்கும் பெருமை தருவன அல்ல. வாடகை மட்டும் தவறாது வசூலிக்கப்பட்டது. இந்நிலையிற் குறிப்பிடத்தக்க மாற்றம் 1973இல் வந்தது. கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது நிறைவேறிய வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு எல்லை வகுத்தது. மிகுதியான வீடுகளை அங்கு குடியிருந்தோரே வாங்க வழி செய்தது. கொழும்பின் வாடகைக்காரர் பலர் முதன்முறையாக உறுதிக்காரர் ஆயினர்.

ஆனால் 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபை 1978இல் நிறுவப்பட்டது. நிலம் வாழுமிடம் என்ற நிலை மாறி, மூலதனத்தை ஈர்க்கும் பண்டமாயிற்று. யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 2010இல், அதே சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திற் கொம்பனித்தெருவின் மியூஸ் தெருவில் வீடுகள் ஆயுதம் தாங்கியோரின் காவலோடு இடிக்கப்பட்டன. அதன்பின் கொழும்பின் ஏறத்தாழ 68,000 குடும்பங்களை மாடிவீடுகளுக்கு மாற்றி நிலத்தை ‘விடுவிக்கும்’ திட்டம் வகுக்கப்பட்டது. உறுதி வைத்திருந்தோரின் கல்வீடுகளும் ‘வசதி குறைந்த குடியிருப்பு’ என்ற ஒரே பெயருள் அடக்கப்பட்டன. சிலருக்கு அதே பகுதியில் வீடு தருவதாக வாக்களித்து இடைக்கால வாடகைப்பணம் கொடுத்தனர். அக்காத்திருப்பு ஆண்டுக்கணக்காய் நீண்டது.

நிலையத்தருகே உயரமாகக் கட்டுவது தவறா? அன்று. நகரத்தின் நடுவே அதிகமானோர் வாழ்ந்தால் பயணம் குறையும்; வயல்களும் சதுப்பு நிலங்களும் தப்பும். வீடும் கடையும் தொழிலகமும் ஒன்றாயிருப்பதும் நன்றே. எங்கு கட்டுவது என்பதைவிட, யாருக்காகக் கட்டுவது என்பதே நமது கேள்வி. கொம்பனித்தெருவில் எழுந்த கோபுரங்களில் வீடு வாங்குவோர் பலர் புகையிரதத்தில் ஏறுபவர் அல்லர். அவர்களுக்கு மோட்டார் வண்டித் தரிப்பிடம் வேண்டும். நாள்தோறும் நடந்தும் புகையிரதத்திலும் வேலைக்குப் போனவர்களோ தொலைவிலுள்ள மாடிகளுக்குச் சென்று பஸ் கட்டணம் தேடுகின்றனர். மாலபேயிலிருந்து கோட்டைவரை இலகு ரயில் அமைக்க 2019இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2020 செப்ரெம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. கோபுரங்கள் எழுந்தன, பாதை எழவில்லை!

இன்னொரு சிக்கலும் உண்டு. வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்? வீட்டின் சதுர அடியை அளந்து இழப்பீடு கணிப்போர் வாசலை அளப்பதில்லை. அந்த வாசலே அவளுடைய தொழிற்சாலை. அயலவரே அவளுடைய கடன் வங்கி. இவற்றை இழந்தபின் கிடைக்கும் புதிய சுவர்கள் முன்னேற்றத்தின் பாதியே.

இதற்கு மாற்றுவழி இந்நாட்டிலேயே முயலப்பட்டது. 1984இல் தொடங்கிய பத்துலட்சம் வீட்டுத் திட்டத்தின்போது கொழும்பின் தோட்டங்கள் பலவற்றில், குடியிருந்தோரை அகற்றாது, அவர்களோடு கலந்துபேசி, இருந்த இடத்திலேயே காணிகள் பிரித்தளிக்கப்பட்டன. அத்திட்டத்திற் குறைகள் இல்லாமலில்லை; எனினும் மக்களைக் கேட்டுத் திட்டமிட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

நிலையத்தருகேயுள்ள காணிக்கு விலை ஏறியதேன்? தண்டவாளம் பொதுப்பணத்தில் இடப்பட்டது. சந்தையை அங்கு வாழ்ந்தோரின் உழைப்பு வளர்த்தது. சமுதாயம் ஆக்கிய அம்மதிப்பைச் சிலர் மட்டும் கொண்டுபோவது நீதியன்று. எனவே அங்கு வாழ்ந்தோருக்கு அதே நிலத்தில் உறுதியுடன் வீடும், கீழ்த்தளத்திற் கடைக்கு இடமும், திட்டம் வகுக்கும் மன்றத்தில் ஆசனமும் கிடைக்கவேண்டும். இவற்றைச் சலுகையாக இரப்பதற்கில்லை. உரிமையாகக் கேட்பதே முறை. 1973இன் சட்டம் நமக்கு உணர்த்துவதும் இதுவே: நகரத்தில் வாழும் உரிமையைச் சந்தை தானாக எவருக்கும் வழங்கியதில்லை.