கம்பைலர் காதில் ஒரு வார்த்தை

கம்பைலருக்கு மனுஷன் கொடுக்கிற ‘ஹின்ட்’டுக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன்.

1970-களின் சி மொழியில் ‘ரெஜிஸ்டர்’ என்று ஒரு சொல் இருந்தது. “இந்த மாறியை அடிக்கடி தொடுவேன், பிராசஸருக்குள்ளேயே வச்சுக்கோ” என்று அர்த்தம். கம்பைலர்கள் தேறத் தேற, அதைக் கண்டுக்கறதையே விட்டுட்டாங்க. 2017-ல் சி++ மொழி அந்தச் சொல்லுக்கு இருந்த வேலையையே எடுத்துவிட்டது. ஆனா அதே வருஷம் ஜூன்ல, எக்ஸ்எஸ்எல்டி 3.0 புது ஹின்ட்களோட வந்துச்சு. ஒண்ணு சாகுது, இன்னொண்ணு பிறக்குது. ஏன்?

எக்ஸ்எஸ்எல்டி, ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி. ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த முதல் பதிப்பு 1999 நவம்பரில் வந்தது. இதில் என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், எப்படி என்பது இன்ஜினின் பாடு.

அதிலேயே ‘கீ’ என்று ஒன்று இருந்தது. திருநெல்வேலி மாவட்டத்துக்கு 50,000 பட்டா உள்ள ஒரு கோப்பு, உரிமையாளர் பெயர் 50,000 உள்ள இன்னொன்று என்று ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். ஒவ்வொரு பட்டாவுக்கும் முழுப் பட்டியலையும் தேடினா, மோசமான நிலையில 250 கோடி ஒப்பீடு. “பட்டா எண்ணை வச்சுத்தான் தேடுவேன்” என்று ‘கீ’ மூலம் முன்கூட்டியே சொல்லிட்டா, இன்ஜின் ஒரே தடவை அட்டவணை போட்டுக்கும். அப்புறம் நேரா போய் எடுக்கும்.

அடுத்த பிரச்சினை நினைவகம். வழக்கமா இன்ஜின் முழுக் கோப்பையும் ஒரு மரமா நினைவகத்தில் கட்டும். அது கோப்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பாபநாசம் அணையில் தண்ணியைத் தேக்கின பிறகு திறக்கிற மாதிரி. மைக்கேல் கே தொகுத்த 3.0-ல் வந்த ‘ஸ்ட்ரீமபிள்’ ஹின்ட், கன்னடியன் கால்வாய் மாதிரி: ஓடும்போதே பாய்ச்சிக்கணும். மடையைத் தாண்டின தண்ணி திரும்பாது, அதனால பின்னால் திரும்பிப் பார்க்கிற கோடு எழுத முடியாது. எழுதினா, ஓட்டறதுக்கு முன்னாடியே இன்ஜின் பிழைன்னு சொல்லும். ‘கேஷ்’ ஹின்டும் அதே பதிப்புதான்: ஒரே கேள்வி திரும்ப வந்தா பழைய பதிலையே கொடுக்கச் சொல்றது.

இப்ப பதில் தெரியுது. ‘ரெஜிஸ்டர்’ சொன்ன விஷயம் கோடுக்குள்ளேயே இருந்தது, கம்பைலரே பாத்துக்கிட்டது. நாளைக்கு வரப்போற கோப்பு 2 எம்பியா, 20 ஜிபியா என்பது கோடில் இல்லை. அது நமக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதி.

2025-ல் குரோம் தன் பிரவுசரில் இருந்து எக்ஸ்எஸ்எல்டியை நீக்கப்போவதாக அறிவித்தது. பிரவுசருக்கு வெளியே, பதிப்பக வேலைகளில் அது இன்னும் ஓடுது. ஆனா எந்த மொழியில எழுதினாலும் ஒண்ணு மாறாது: இயந்திரம் ஊகிக்க முடியாததை நாமதான் சொல்லணும். சொன்னா உண்மையா இருக்கணும்.

அடுத்த எபிசோடுல பாப்போம் மக்களே.